ரயில் விட்ட ஜில்லா போர்டு

கேள்வி: டெல்டா கிராமங்களுக்கு வெள்ளைக்காரன் தானமாகப் போட்ட ரயில் பாதைகளை நஷ்டத்தில் ஓட்ட நாம் ஏன் அழ வேண்டும்?

பதில்: தானம் செய்தவர் வேறு ஆள். மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 1894-இல் திறந்த மீட்டர்கேஜ் பாதைக்கு வழி செய்தது, நிலத்தின் மீது தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட தனி வரி. பாதை போர்டின் சொத்து. ஓட்டும் வேலை மட்டுமே தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு. அடுத்த பத்தாண்டுக்குள் பாதை அறந்தாங்கி வரை நீண்டது. சாலை போடவே மூக்கால் அழும் உள்ளாட்சி, அந்தக் காலத்தில் ரயிலே விட்டிருக்கிறது! ‘வரி கட்டியவர் மிராசுதார்தானே?’ என்பீர்கள். கட்டியது அவர் கை. விளைவித்தது யார் கை?

‘பஸ் வந்தபின் ரயில் எதற்கு?’ என்பது கொஞ்சம் வலுவான கேள்வி. மயிலாடுதுறை–தரங்கம்பாடி கிளையை 1986-இல் மூடியபோதும் நஷ்டக் கணக்குதான் பேசியது. ஆனால் பஸ் ஓடும் சாலையிடம் யாரும் லாபம் கேட்பதில்லை. தண்டவாளத்திடம் மட்டும் கேட்கிறோம். ஆள் வராததற்கு ஆளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தப் போர்டு பாதையின் பெரும்பகுதியை அகலப்பாதையாக்கி, அதன் வழியே 2019-இல் திருவாரூர்–காரைக்குடி ரயிலை விட்டபோது கேட்கீப்பர்கள் போதவில்லை. ஊழியரே ரயிலில் வந்து, கேட்டுக்குக் கேட்டு இறங்கி மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு ஏறிக்கொண்டார். அந்த வேகத்தில் போன ரயிலுக்குக் கூட்டம் சேரவில்லை என்று கணக்கெழுத தனித் துணிச்சல் வேண்டும்.