அபய வலயம்

டொரன்டோவிலிருந்து லீவில் வந்த மச்சானுக்குப் பிறந்த மண்ணில் காம்பிங் போக ஆசை வந்துவிட்டது. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, மந்திரிக்க ஆள் தேடியிருப்பாள். எங்கள் மலையகச் சனத்தில் காசு கொடுத்துக் காம்ப்புக்குப் போனவன் எவன்? பூட்டன் காலத்தில் கடலைத் தாண்டுமுன் ஆட்களை அடைத்து வைத்து நோய் நொடி பார்த்த இடத்துக்கு மண்டபம் காம்ப் என்று பெயர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேரை இந்தியாவுக்கென்று பங்கு பிரித்தார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா குடும்பம் கப்பலிறங்கிப் போய்ப் படுத்ததும் அதே மண்டபம் காம்ப்பில்தான். கொண்டு வந்த வாசலாலேயே வெளியே தள்ளுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

"அது வேற காம்ப் மச்சான். இது சந்தோசத்துக்குப் போற காம்ப்" என்றான். ஒன்டாரியோவில் அல்கோன்குவின் என்றொரு காடு இருக்கிறதாம். 1893இலேயே அதைப் பூங்கா ஆக்கிவிட்டார்களாம். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போனால் நிறுத்த ஓரிடம், செருக மின்சாரம், பிடிக்கத் தண்ணீர், ட்ரெய்லர் கக்கூஸைக் காலி செய்யத் தனி இடம், கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி. கரடிக்கே அவ்வளவு யோசித்த அரசாங்கத்தைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல எனக்கும் சபலம் தட்டியது.

கொழும்பில் ஒரு ட்ரெய்லரை வாடகைக்குப் பிடித்தோம். பன்னிரண்டு அடி நீளம், ஏழடி அகலம். கெப்பில் கொழுவிக்கொண்டு பலாங்கொடை, பெரகலை, கொஸ்லாந்தை, வெல்லவாய என்று இறங்கி, இராவணன் நீர்வீழ்ச்சிப் பக்கமாக எல்லவுக்கு ஏறினோம். கொஸ்லாந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொன்னேன். மச்சானுக்கு அவசரம். நிறுத்தவில்லை.

காம்ப்பின் பெயர் வேண்டாம். அரசாங்கத்துடையது, அது போதும். வாசலில் கட்டணப் பலகை: உள்நாட்டவருக்கு ரூபாவில், வெளிநாட்டவருக்கு டொலரில். மச்சான் பாஸ்போட்டை நீட்டினான். பதுளையில் பிறந்தவன் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. துரைமார் மாதிரி மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "வெளிநாடு" என்றார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவையும் இதே சொல்லால்தான் கூப்பிட்டது. அன்றைக்கு இலவசமாகச் செய்த வேலை. இன்றைக்கு ரசீது கொடுக்கிறார்கள், முன்னேற்றம்தான். எனக்கு உள்ளூர்க் கட்டணம், 2,700 ரூபா. 2025இல் தோட்டத்தில் இருந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளக் கணக்கில் பார்த்தால் இரண்டு நாள் பேர். அதுவும் கொழுந்து கிலோ குறையாமல், அரைப் பேர் விழாமல் இருந்தால்.

உள்ளே போனோம். ட்ரெய்லர் நிறுத்துமிடம் என்று சீமெந்துத் தளம் ஒன்று இருந்தது, பள்ளத்தைப் பார்த்துச் சரிந்தபடி. மின்கம்பம் இருந்தது, கம்பி இல்லை. குழாய் இருந்தது. திறந்தால் உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அவ்வளவுதான். கழிவறை இரண்டு. ஒன்றுக்குப் பூட்டு, சாவி உத்தியோகத்தரிடம், உத்தியோகத்தர் பதுளையில். மற்றதற்குப் பூட்டுப் போடத் தேவையே இல்லை, எவனும் கிட்டப் போகமாட்டான். இந்த மைதானத்தைத் திறந்துவைத்தவர்களின் பெயர் பொறித்த கல் மட்டும் பளிங்கு. அதன்மேல் ஒரு தூசி இல்லை. அதற்கு மட்டும் யாரோ தண்ணீர் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மலைப் பக்கத்தில் மும்மொழிப் பலகை ஒன்று. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இது மண் சரியும் இடம், ஆபத்து என்று எழுதியிருந்தது. தமிழில் பெரிய எழுத்தில்: "மண்சரிவு அபய வலயம்."

அபாயத்துக்கு ஒரு கால் குறைவு. தமிழன் மட்டும் இங்கே வந்து தஞ்சம் புகலாமாம். நம் நாட்டுப் பெயர்ப்பலகைத் தமிழைப் பார்த்துச் சிரித்துப் பழகிய வாய், அன்றைக்கு முதலில் சிரித்தது. பிறகு மூடிக்கொண்டது.

இரவு மழை பிடித்தது. எல்லவில் மழை பெய்தால் சுற்றுலாக்காரருக்கு மூடுபனிப் படம் கிடைக்கும், லயத்தில் இருப்பவருக்குத் தூக்கம் போகும். எங்களுக்கு இரண்டும் கிடைத்தன. கெப்பின் சக்கரம் சேற்றில் அரையடி இறங்கியது. ட்ரெய்லர் கூரை ஒழுகியது. மச்சான் ஒரு சட்டியை வைத்தான், பிறகு இன்னொன்று, பிறகு குடிக்க வைத்திருந்த கோப்பையையும். காவற்காரர் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். அறுபது வயதிருக்கும், தலையில் பொலித்தீன் உறை. கீழே லயத்துப் பீலியில் பிடித்த தண்ணீராம்.

"எதுக்குண்ணே இந்த மழையில?" என்றேன்.

"கக்கூசுக்கு வேணுமே தம்பி. இங்க பைப்பு வந்து ஒரு வருசமாச்சு. தண்ணி இன்னும் வரல்ல."

மச்சான் பொரிந்து தள்ளினான். ஒழுகுகிறது, நனைகிறது, கரண்ட் இல்லை, கக்கூஸ் இல்லை, மேலே மலை வேறு. அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு ராவுதானே தம்பி" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே ஆறுதல் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனிதர்.

மழையில் விழித்துக்கொண்டு கிடக்கும்போது கொஸ்லாந்தை நினைவுக்கு வராமல் என்ன செய்யும்? 2014 ஒக்டோபர் 29. காலை நேரம். அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை லயங்களின்மேல் இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு. இறந்தவர் எத்தனை பேர் என்பதையே ஒரே எண்ணாகச் சொல்ல நம் அதிகாரிகளால் முடியவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கு, பிறகு குறைந்து குறைந்து சில பத்துகள். கொழுந்தை நிறுக்கும்போது கழித்துக் கழித்து எழுதுவார்களே, அந்தத் தராசையே எடுத்து வந்தார்கள் போலிருக்கிறது.

இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தோம், சனங்கள் எழும்பிப் போகவில்லை என்று பிறகு கொழும்பில் விளக்கம் சொன்னார்கள். எங்கே போவது ஐயா? நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இலிருந்து நிர்வாகம் கம்பெனிகளுக்கு. மண் மட்டும்தான் எங்களுக்கு, அதுவும் மேலே வந்து விழும்போது. "எழும்பிப் போ" என்று கடிதம் எழுத ஒரு தாள் போதும். போய் இருக்க ஏழு பேர்ச் காணி வேண்டும். தாளைக் கொடுத்தார்கள்.

மிஞ்சியவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? முகாம். காம்பிங்குக்கு நல்ல தமிழில் அதுதான் சொல். முதலில் பள்ளிக்கூடங்களில், பிறகு ஓடாமல் கிடந்த தேயிலை இஸ்டோரில். கொழுந்து அரைத்த கட்டடத்துக்குள் கொழுந்து பறித்தவர்கள். 75 வீடுகளைக் கட்டிக் கையில் கொடுக்க 2016 ஒக்டோபர் ஆனது. இரண்டு வருடக் காம்பிங்! அல்கோன்குவினில்கூட அவ்வளவு நாள் தங்க விடமாட்டார்களாம், மச்சானைக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் அரசாங்கம் தாராளம். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் சரிந்தபோது, குடும்பங்கள் மறுபடி பள்ளிக்கூடத்துக்குள். மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று மேடை போட்ட அதே ஆண்டு. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்து பதுளை மாவட்டத்தையே அடித்துப் போட்டது. மறுபடி பாய், மறுபடி பார்சல் சோறு, மறுபடி வரிசையில் நிற்க வைத்துப் படம். காம்பிங் துறையில் ஊவா மாகாணத்துக்கு இருக்கும் அனுபவம் உலகத்தில் எவனுக்கும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு கக்கூஸுக்குத் தண்ணீர் கொண்டுவரத் தெரியவில்லை என்றால், அது தெரியாமையில்லை. இங்கே இருப்பவர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று கற்றுக்கொண்ட திமிர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பீலியில் குளிக்க வைத்துப் பழகிய கைதான் இந்த மைதானத்தையும் கட்டியிருக்கிறது.

விடிந்ததும் முறைப்பாட்டுப் புத்தகம் கேட்டேன். புத்தம் புதிது, நான்தான் முதல் ஆள். மூன்று பக்கம் எழுதினேன். கூரை ஒழுகல், குழாய், கழிவறை, இருட்டு, சரிவு. எழுதியதை வாசித்துப் பார்த்தால் அத்தையின் லயத்தைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. அத்தைக்கு இப்படியொரு புத்தகம் கிடையாது. காலை பதினொரு மணிக்குள் வெளியேறிவிடலாம் என்ற சலுகையும் கிடையாது. கீழே கையெழுத்துப் போடும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டேன், 2,700 ரூபா என்னுடையது.

கெப்பைச் சேற்றிலிருந்து இழுக்க லயத்திலிருந்து ஆறு பேர் கயிற்றோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகாத நாள். இழுத்து முடித்து, கைகழுவக் குழாயைத் திருகிப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள்.

மச்சான் அதற்குள் அடுப்புக்கரி ஒன்றை எடுத்துக்கொண்டு மும்மொழிப் பலகையடிக்குப் போயிருந்தான். "ப"வுக்கும் "ய"வுக்கும் நடுவே, இருக்கிற இடைவெளிக்குள் நெருக்கி ஒரு கால் போட்டான். மண்சரிவு அபாய வலயம். கொஞ்சம் கோணல்தான், ஆனால் தூரத்திலிருந்தே தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தான், பிறந்த மண்ணில் முதன்முதலாகத் திருப்தியோடு.

காவற்காரர் ஓடி வந்தார். பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "தம்பி, நாளைக்குத் தொரை வருவாரு. எழுதினது யாருன்னு என்னையத்தான் கேப்பாங்க. காவலுக்கு இருக்கிறது நான்தானே."

ராத்திரி அவர் கொண்டுவந்த வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. மச்சான் கைக்குட்டையை நனைத்து, அந்தக் காலை அழித்துக் கொடுத்தான்.