மானம் காத்த மகராசி

கல்லூரி மூடியதும் கேம் எஞ்சின் கம்பெனிகளில் இன்டர்ன்கள் வந்து இறங்குவார்கள். 2005இல் கூகுள் ‘சம்மர் ஆஃப் கோட்’ தொடங்கி மாணவருக்குத் தலைக்கு 4500 டாலர் கொடுத்த பிறகு, காசில்லாத ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்கள்கூட இன்டர்ன் வைத்துக்கொள்ளும் அந்தஸ்துக்கு உயர்ந்தன. வந்த பிள்ளைக்கு என்ன வேலை தருவது? எதைக் கெடுத்தாலும் ஆட்டம் நின்றுவிடாத இலாகா ஒன்று உண்டு: வானிலை. பிள்ளையும் திரையைப் பார்த்த மாத்திரத்தில், “இவ்வளவு பனிமூட்டம் எதுக்கு சார்? எடுத்துட்டா பளிச்சுன்னு இருக்குமே” என்பான். அங்கே பிடித்தது சனி.

பூர்வீகம் தெரியாத பிள்ளை. 1990களின் கேம்களில் பனிமூட்டம் என்பது வானிலையே அல்ல, வறுமை. முதல் பிளேஸ்டேஷனின் மெயின் மெமரி 2 எம்பி. இந்தச் சொத்தில் ஓர் ஊரையே வரைய வேண்டும். நாலு வீடு வரைவதற்குள் மெஷினுக்கு மூச்சு வாங்கும். ஐந்தாவது வீட்டின் இடத்தில் சாம்பல் நிறத்தைப் பூசி, பனி என்று சொல்லிவிட்டார்கள். தூரம் கூடக் கூடப் பொருளின் நிறத்தை மூட்டத்தின் நிறத்தோடு கலக்க வேண்டும். முழுக்கக் கலந்துபோனதை வரையவே வேண்டாம். 1992இல் வந்த ஓப்பன்ஜிஎல் என்னும் கிராஃபிக்ஸ் இடைமுகத்தின் முதல் பதிப்பிலேயே இந்தக் கலவைக்கு வசதி இருந்தது.

1997இல் டியூராக் என்னும் கேம், டைனோசர்களைப் பனிக்குள்ளிருந்து நேராக மூக்குக்கு முன்னால் இறக்கியது. 1999இல் வந்த நின்டெண்டோ 64 சூப்பர்மேனின் கதை இன்னும் பரிதாபம். சுவருக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பார்க்கும் ஆசாமிக்கு அடுத்த தெரு தெரியவில்லை. கேட்டால், லெக்ஸ் லூதர் கிளப்பிவிட்ட கிரிப்டோனைட் மூட்டமாம்! மெஷினின் ஏழ்மைக்கு வில்லன் மேல் கேஸ் போட்ட துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அதே ஆண்டு கோனாமியின் சைலன்ட் ஹில்தான் விவரமாக நடந்துகொண்டது. இல்லாமையையே பயம் என்று பெயர் மாற்றி விற்றது. ஜனங்கள் காசு கொடுத்து நடுங்கினார்கள்.

பிறகு சீர்திருத்தவாதிகள் வந்தார்கள். 2012இல் சைலன்ட் ஹில் 2க்கு எச்டி பதிப்பு. இறுதி சோர்ஸ் கோட் பத்திரமாக வைக்கப்படாததால், அரைகுறைக் கோடை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள். மூட்டம் மெலிந்தது, தரை பாதியில் முடிந்துபோகும் இடமெல்லாம் பல்லைக் காட்டியது. 2021இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் முறை. பழைய பதிப்பில் மூட்டத்தின் புண்ணியத்தால் ஊர் விட்டு ஊர் போவது தேசாந்திரம் போலிருக்கும். புதிய பதிப்பில் அதைத் துடைத்தெடுத்தார்கள். மலை உச்சியில் ஏறி நின்றால், மூன்று மாநகரங்களும் ஒண்டுக்குடித்தனம் நடத்துவது அப்பட்டமாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு மழை வெள்ளைக் கோடுகளாகக் கொட்டி, வண்டி ஓட்டவே விடவில்லை. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2024 அப்டேட்டில் பழைய வானத்தையும் மூட்டத்தையும் திரும்ப அழைத்து வந்தார்கள்.

மழையின் யோக்கியதையும் லேசுப்பட்டதல்ல. கேமில் பெரும்பாலும் ஊருக்கெல்லாம் மழை பெய்வதில்லை. கேமராவைச் சுற்றி ஒரு பெட்டியளவுக்குத்தான் பெய்யும். நீங்கள் ஓடினால் பெட்டியும் கூடவே ஓடிவரும். நல்லார் ஒருவர் உளரேல் அவர் பொருட்டு எல்லோர்க்கும் மழை என்பதெல்லாம் இந்த ராஜ்ஜியத்தில் செல்லாது. துளி என்பது கேமராவைப் பார்த்து நிற்கும் ஒரு தகடு. அதற்குக் கூரையும் தெரியாது, பாலமும் தெரியாது. 2002இல் வந்த மோரோவிண்டில் பாலத்துக்கு அடியில் ஒதுங்கினாலும் நனைய வேண்டியதுதான்.

இந்தக் கோடையில் மழை இலாகா கிடைத்திருக்கும் தம்பி தங்கைகளே, துளியின் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வானத்திலிருந்து கீழ்நோக்கி, எது எவ்வளவு தூரத்தில் என்று குறிக்கும் ஒரு டெப்த் மேப் எடுங்கள். கூரைக்குக் கீழே இறங்கும் துளிகளையெல்லாம் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். கதாநாயகனை வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பாருங்கள். அவன் தலை காய்ந்திருந்தால் மட்டும் டெமோ காட்டப் போங்கள்.