இதைப் பேசும்போது மணி மூன்றரை

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் குடியேறிய மூன்றாம் மாதம் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. வேறு யாருக்கோ வந்தது என்று ஓரமாக வைத்துவிட்டேன். மனைவிதான் முழுசாகப் படித்துவிட்டு, "ஏங்க, நமக்கும் ஓட்டு உண்டாம்" என்றாள். உண்மைதான். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால் போதும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இருநூறு வருஷம் நம்மை ஆண்டதற்கு இப்படி ஒரு வட்டி வரும் என்று எந்தச் சரித்திர வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

ஓட்டு என்று வந்துவிட்டால் விவரம் தெரிய வேண்டாமா? காதில் பாட்காஸ்டை மாட்டினேன். வேலைக்கு டவர் ஹில் வரை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போக வர முக்கால் மணி நேரம். நேரமும் கூடி வந்தது. 2022 மார்ச்சில்தான் 'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்' தொடங்கியிருந்தது. பத்திரிகையாளராக இருந்து, லேபர் பிரதமர் டோனி பிளேரின் பிரசாரத் தளபதியான அலஸ்டர் கேம்பல் ஒரு பக்கம். ஆப்கானிஸ்தானைக் கால்நடையாகவே கடந்து, பிறகு கன்சர்வேட்டிவ் அமைச்சரான ரோரி ஸ்டூவர்ட் மறுபக்கம். நான் நம்மூர் டிவி விவாதம் பார்த்து வளர்ந்தவன். நாலு கட்டம், நாலு தலை, ஒரே நேரத்தில் நாலு வாய். சண்டைக்காக ஆவலோடு காத்திருந்தேன். வரவேயில்லை. "நீங்கள் சொல்வது சரி, ஆனாலும்" என்று ஒருவர் இழுப்பார். அந்த ஆனாலுக்குப் பிறகு அடுத்தவர் சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார். முகம் சுளிக்காமல் முரண்படுவதுதான் நிகழ்ச்சியின் கொள்கையே. போகப்போகத்தான் புரிந்தது. ஸ்டூவர்ட் 2019இல் கட்சியை விட்டு வெளியேறியவர். கேம்பலை அதே வருஷம் அவருடைய கட்சி நீக்கியது. வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்த இரண்டு பேர் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். பிபிசியின் 'பிரெக்ஸிட்காஸ்ட்', பிரெக்ஸிட் நடந்து முடிந்ததும் கடையை மூடாமல் போர்டை மட்டும் மாற்றி 'நியூஸ்காஸ்ட்' ஆகியிருந்தது. அதையும் பிடித்துக்கொண்டேன். ஆகஸ்டில் எமிலி மெய்ட்லிஸ், ஜான் சோப்பல், லூயிஸ் குடால் மூவரும் பிபிசியிலிருந்து வெளியே வந்து 'தி நியூஸ் ஏஜென்ட்ஸ்' தொடங்கினார்கள். வாரத்துக்கு ஏழே நாள்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்க ஆரம்பித்தேன். ஒருநாள் இவர்களில் ஒருவரை டிவியில் பார்த்து, "ஐயோ, பாவம், நாக்கு குழறுதே, உடம்புக்கு என்னவோ" என்று பதறிவிட்டேன். மனைவி கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள். "அவர் நல்லாத்தான் பேசறார். உங்களுக்குத்தான் உடம்புக்கு என்னவோ."

பாட்காஸ்ட்காரர்கள் கையில் எனக்கு முதல் பாடம் அந்த ஆகஸ்டுக்கு முன்பே கிடைத்தது: கடுதாசி. 1922 கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர் பதவி இல்லாத கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களின் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கியது 1923இல், பெயர் மட்டும் 1922. தலைவர் மேல் நம்பிக்கை போன எம்.பி. அந்தக் கமிட்டியின் தலைவருக்கு ஒரு கடுதாசி எழுதுவார். அன்றைய கணக்குக்கு 54 கடுதாசி சேர்ந்தால் வாக்கெடுப்பு. எத்தனை வந்திருக்கிறது என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அன்றைக்கு அது கமிட்டித் தலைவர் சர் கிரஹாம் பிரேடி. அவர் வாயே திறக்க மாட்டார். வாயைத் திறந்தவர்கள் எவருக்கும் கணக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பது நிமிஷ எபிசோட் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துவது கலை இல்லையா? "நாற்பதைத் தாண்டிவிட்டதாக மூத்த அமைச்சர் ஒருவர் வாட்ஸப் அனுப்பியிருக்கிறார்" என்பார் ஒருவர். "எனக்கு வந்த தகவல் வேறு" என்பார் அடுத்தவர். நான் டவர் ஹில்லை விட்டுவிட்டு மானுமெண்டில் இறங்கித் திரும்பி நடப்பேன். ஜூன் 6 அன்று வாக்கெடுப்பு நடந்து 211க்கு 148 என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் ஜெயித்தார். அடுத்த மாதம் 7ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். ஜெயித்தது எப்படி என்று ஒரு வாரம், ஜெயித்தும் போனது எப்படி என்று ஒரு மாதம் கேட்டேன்.

அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. சாம்பாரில் உப்பு தூக்கல் என்று நேரடியாகச் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. "குடும்ப வட்டாரத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், பெயர் சொல்ல விரும்பாதவர், உப்பு பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறார்" என்றேன்.

"உங்க அம்மாதானே?"

"உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை."

பாட்காஸ்ட்காரர்களிடம் இன்னொரு வாசகம் உண்டு. இதைப் பதிவு செய்யும்போது வியாழன் மாலை மணி மூன்றரை, நீங்கள் கேட்கும்போது நிலைமை மாறியிருக்கலாம் என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். இவ்வளவு உபயோகமான வாசகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு வருகிறீர்களா என்று மனைவி கேட்டால், "நான் இதைச் சொல்லும்போது புதன் இரவு ஒன்பது மணி" என்று ஆரம்பிப்பேன். சனிக்கிழமை அவள் தனியாகவே போய்வந்தாள்.

2022 இலையுதிர் காலத்தில் அந்த வாசகமும் போதாமல் போனது. செப்டம்பர் 6 அன்று லிஸ் ட்ரஸ் பிரதமரானார். 23ஆம் தேதி அவருடைய நிதியமைச்சர் ஒரு குட்டி பட்ஜெட் போட, பவுண்டு படுத்துவிட்டது. அக்டோபர் 14 அன்று நிதியமைச்சர் அவுட். அன்றே 'டெய்லி ஸ்டார்' பத்திரிகை ஒரு லெட்டூஸ் கீரையை வாங்கி, கேமரா முன்னால் வைத்து, இது வாடுவதற்குள் அம்மையார் போவாரா என்று நேரலை நடத்தியது. கீரைக்கு விக் வேறு. பாட்காஸ்ட்காரர்கள் அவசர எபிசோட் போடுவார்கள். அது என் போனில் இறங்குவதற்குள் அதுவே பழைய எபிசோட் ஆகி, அடுத்த அவசரம் வரிசையில் நிற்கும். 20ஆம் தேதி ட்ரஸ் விலகினார். அரசியல் நிருபர்கள் ஆறு வாரம் தகவல் திரட்டியும் சொல்ல முடியாததைக் கீரை ஆறே நாளில் சொல்லிவிட்டது. அதற்குத் தகவல் வட்டாரம் எதுவும் கிடையாது.

நடுநடுவே விளம்பரம் வேறு. நாட்டின் கடன் சந்தை சரிகிறது என்று சொன்ன அதே குரல், மூச்சு விடாமல், அதே துக்கத்தோடு மெத்தைக்குத் தாவும். பிபிசியில் மட்டும் இந்தத் தொந்தரவு இல்லை.

கும்பகோணத்தில் அப்பாவுக்கு வேறு கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை போனில், "இப்ப யாருடா பிரதமர்?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்வார். ட்ரஸ் பெயரை மனப்பாடம் செய்து முடித்தபோது அம்மையார் பதவியை விட்டே போய்விட்டார். அக்டோபர் 24 தீபாவளி. அன்றைக்குத்தான் ரிஷி சுனக் கட்சித் தலைவரானார். "இன்ஃபோசிஸ் மூர்த்தி வீட்டு மாப்பிள்ளையாமே" என்றார் அப்பா சந்தோஷமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "பொங்கல் வரைக்காவது இருப்பாரா?" என்றார்.

இருந்தார். 2024 மே 22 அன்று கொட்டும் மழையில் குடையில்லாமல் நின்று தேர்தலை அறிவிக்கும் வரைக்கும் இருந்தார். பிரதமர் வீட்டுத் தெரு வாசலில் எவரோ, 1997இல் லேபர் கட்சி பிரசாரத்துக்கு வைத்த பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டார்கள். அந்தக் குடையைப் பற்றி மட்டும் நான் மூன்று மணி நேரம் கேட்டிருப்பேன்.

ஜூலை 4, காலை எட்டு மணி. பள்ளிக்கூட ஹாலில் வாக்குச்சாவடி. போட்டோ அடையாளம் கட்டாயம். இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன், அதுவும் செல்லும். மேசையில் இருந்த அம்மாள் சிங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மறைப்புக்குள் போய் விரித்தேன்.

இரண்டு வருஷம். கீரை தெரியும், குடை தெரியும், கடுதாசி தெரியும், யார் யாருடைய வாட்ஸப் குரூப்பில் இல்லை என்பதும் தெரியும். சீட்டில் இருந்த பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது: ஸ்டீஃபன் டிம்ஸ். அவர் 1994 இடைத்தேர்தலில் ஜெயித்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர், அப்போதிலிருந்து அவரேதான் எம்.பி. முடிவு தெரிந்த தொகுதி என்பதாலோ என்னவோ, எந்த மைக்கும் எங்கள் தெருவுக்கு வந்து நான் கேட்டதில்லை. மற்றவர்கள் யார், என்ன செய்கிறார்கள்? ஒரு விவரமும் இல்லை. போதாக்குறைக்குப் பிடித்தவர் பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் கணக்கு நோட்டில் அந்தக் குறியைச் சிவப்பு மையில் பார்த்து நடுங்கியவன் நான். போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி எப்போதோ முடித்துவிட்டு வெளியே நின்றாள். விரல் மையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் அப்பா. இங்கே மை கிடையாது. வேறு வழியில்லாமல் வாசலில் எவரோ கட்டியிருந்த ஒரு நாய்க்குப் பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பினோம்.

"நாய் லட்சணமா இருக்கு. இப்ப யாரு பிரதமர்?" என்று பதில் வந்தது.

"இதை டைப் பண்ணும்போது மணி எட்டே கால்" என்று அடித்தேன். "இப்போதைக்குச் சுனக்."