அருவியே தூக்குக்குண்டு

ஏங்கண்ணு, ஒகேனக்கல் போயிட்டு வந்த படத்தைக் காட்டுன. நல்லாத்தான் இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. காவிரி மேட்டூருக்குத்தானே வரணும்? நீ புடிச்ச படத்துல தண்ணி மொத்தமும் கர்நாடகாக் கரைப் பக்கம் சரிஞ்சு நிக்குது. அவங்ககிட்ட வருஷாவருஷம் கேட்டு வாங்கறதே பெரும்பாடு, நீ வந்த தண்ணியையும் திருப்பி ஊத்திட்டியே சாமி!

பரிசல் ஆடிச்சு, அதான் படம் கோணிக்கிச்சுங்கற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பரிசல் ஆடத்தான் செய்யும். வட்டமா மூங்கில் பின்னினது, பரிசல்காரர் துடுப்பை ஒரு திருப்பு திருப்பினா கரையே சுத்தும். சரி, வீட்டுக்கு வந்தும் ஆடிக்கிட்டே இருக்கியே, அதுக்கு என்ன சாக்கு? மூணு நாளா கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கிட்டு படத்தை இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஒவ்வொரு தடவை திருப்பறப்பவும் அது புள்ளியெல்லாம் புதுசா கணக்குப் போட்டு அடுக்குது. படம் கொஞ்சங்கொஞ்சமா மங்கிக்கிட்டே வரும். பூசின செவுத்தைத் திரும்பத் திரும்பத் தேய்ச்சா என்ன ஆகும்னு நாப்பது வருஷம் கரண்டி புடிச்ச என்னைக் கேளு. அசல் படத்தை எடுத்து, ஒரே தடவை திருப்பு.

படத்தைத் திருத்த நீ வெச்சிருக்கறது ஜிம்ப். 1995ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல படிச்ச ரெண்டு பசங்க ஆரம்பிச்சது. இன்னிக்கும் காசு கேக்காது, அதனாலதான் உனக்கு அதோட அருமை தெரியல. கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ எட்டு மணிக்கு எந்திரிக்கற. உன் தங்கச்சி ஆறு மணிக்கு எந்திரிக்கறா.

அதுல மெஷர்னு ஒரு கருவி, காம்பஸ் படம் போட்டிருக்கும். எது மட்டமாவோ நட்டமாவோ நிக்கணுமோ அது மேல ஒரு கோடு இழு. எத்தன டிகிரி சாஞ்சிருக்குதுன்னு அதுவே சொல்லும். கூடவே ஸ்ட்ரெய்ட்டன்னு ஒரு பட்டன் இருக்கும், 2018ல வந்த 2.10.4 பதிப்புல சேர்த்தது. அமுக்கினா தீர்ந்தது சோலி.

ஆனா கோட்டை எது மேல இழுக்கற? அங்கதான் கொத்தனாரும் சித்தாளும் தெரியும். நீ கரை மேல இழுத்த. கரை உன் காலடியில ஆரம்பிச்சு தூரமாப் போவுதுடா. தூரமாப் போற கோடு படத்துல சாஞ்சுதான் விழும், அதை மட்டம் பண்ணினா மத்ததெல்லாம் கவுந்துரும். பாறை விளிம்பு? எந்தப் பாறைடா ரசமட்டம் வெச்சு வளந்துது? கன்னடத்துல ஹொகேனா புகை, கல்லுனா கல்லு. அந்தச் சாரல் புகையில அடிவானமும் கெடைக்காது. அப்ப என்ன பண்றது?

அருவியைப் பாரு கண்ணு. எதிர்ல நின்னு புடிச்ச படத்துல விழற தண்ணி தூக்குக்குண்டுக் கயிறு மாதிரி நேராத்தான் எறங்கும். நடுப்படத்துல விழற ஒரு தாரையைப் புடிச்சு அது மேல கோடு இழு. ஓரத்துல இருக்கறதை நம்பாத. கேமராவை மேலயோ கீழயோ சாச்சுப் புடிச்சிருந்தா ஓரத்துல எல்லாம் கோணும். பக்கவாட்டுல நின்னு புடிச்சியா, அப்பவும் இது ஆவாது. பாஞ்சு வர்ற தண்ணி வில்லு மாதிரி வளைஞ்சுதான் விழும்.

நிமுத்தக் கூடாததும் இருக்குது. நம்ம காட்டோரத்து நடுகல்லைப் படம் புடிச்சியே, ஞாபகம் இருக்குதா? தருமபுரி அருங்காட்சியகத்துல நிக்கற நடுகல்லு மாதிரி நிமிந்து தெரியணும்னு கல்லு மேலயே கோட்டை இழுத்த. கல்லு நிமிந்துது, சரி. பின்னால இருந்த ஏழு தென்னமரமும் சந்தைக்குப் போயிட்டு சாயந்தரம் திரும்பற ஆளாட்டம் தள்ளாடுச்சு. கல்லு சாஞ்சது நெசம். அது சாஞ்சுதான் தெரியணும், தென்னை நேரா நிக்கணும்.

இன்னொரு சங்கதி. திருப்பினதும் நாலு மூலையும் காலியாயிரும், ஓரத்தை வெட்டித்தான் ஆவணும். உன் படம் 4000க்கு 3000. அதை 3 டிகிரி திருப்பி அதே வாகுல வெட்டினா 3744க்கு 2808தான் மிஞ்சும். பரப்புல நூத்துக்குப் பன்னண்டு பங்கு போச்சு. நெலத்துல அத்தனை போனா பங்காளிங்க கோர்ட்டுக்குப் போவாங்க. படத்துல போனதுக்கு யாரு கேப்பான்னு இருக்கறியா? பரிசல்ல ஓரமா, கையில வறுத்த மீனோட உக்காந்திருந்தது யாரு? உன் மாமனாரு. நேத்து நீ வெட்டுன வெட்டுல மீனு பத்திரமா இருக்குது, மனுசனுக்குத்தான் பாதி மூஞ்சி இல்ல.

அடுத்த தடவை நாலு பக்கமும் கொஞ்சம் எடம் விட்டுப் புடி. இப்ப அசல் கோப்பை அழிக்காம, நேராக்குனதை வேற பேருல சேமிச்சு வை. பாலக்கோட்டுக்கு, உன் மாமியா வீட்டுக்கு, கோணலா இருக்கறதையே அனுப்பு.