மூட்டையும் முதுகலையும்

தண்டவாளம் பராமரிப்பது உள்ளிட்ட கடைநிலை வேலைகளுக்கு ஆள் எடுப்பதாக ரயில்வே அறிவித்தது 2019-இல். கணினித் தேர்வு நடந்தது 2022-இல். ரயில் மட்டும்தான் தாமதமாகும் என்று அதுவரை நம்பியிருந்தோம்.

கேட்டது பத்தாம் வகுப்பு. வந்து நின்றது எம்.எஸ்சி.யும்தான். 90 நிமிடத்தில் 100 கேள்விகள். தேறிய ஆண்கள் 35 கிலோவைத் தூக்கிக்கொண்டு 2 நிமிடத்தில் 100 மீட்டர் கடக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் போச்சு. அதிலென்ன கஷ்டம்? கல்விக் கடன் சுமந்து பழகிய தோள்தானே! அடுத்து 1,000 மீட்டர் ஓட்டம், 4 நிமிடம் 15 விநாடிக்குள்.

சேர்ந்ததும் பதவி ‘டிராக் மெயின்டெய்னர்’. முன்பு கேங்மேன், அப்புறம் டிராக்மேன். பெயர்தான் மாறியது, கடப்பாரை அதேதான். பெண் பார்க்கப் போன வீட்டில் மட்டும், “மாப்பிள்ளை சென்ட்ரல் கவர்மென்ட்!”