கைத்துப்பாக்கி இலக்கணம்

கைத்துப்பாக்கி என்பது யாதெனின், ஒரு கைக்குள் அடங்குவதும், சட்டைக்கடியில் மறைவதும், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டை வெளியேற்றி, வெற்றுக் கூட்டைத் துப்பி, அடுத்த தோட்டாவைத் தானே ஊட்டிக்கொண்டு, மறுபடி இழுக்கும்வரை பொறுமை காப்பதுமான எஃகுக் கருவி. உருளை சுழலும் ரிவால்வர் இதில் சேராது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். வீட்டில் எம்.ஆர்.ராதா எடுத்தது ரிவால்வர். ஆகவே தமிழ்நாடு அதிகம் பேசிய துப்பாக்கிச்சூடு இந்நூலின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. வகைப்பாட்டு நூல் எழுதப் புகுந்தவன் இப்படிச் சில இழப்புகளைத் தாங்கத்தான் வேண்டும்.

இனி, எதை வைத்து வகுப்பது? அரசாங்கம் குழலின் துளையை வைத்து வகுக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 9 மில்லிமீட்டர் தடை செய்யப்பட்ட துளை; அதற்கு டெல்லி உள்துறை அமைச்சகம் மனமிரங்க வேண்டும். பாயின்ட் 32 தடையற்ற துளை. திருவாரூர் கலெக்டர் மனமிரங்கினால் போதும். இந்தப் பாகுபாட்டின் காரணம் எளிது. படையும் போலீசும் போடும் தோட்டா குடிமகனின் துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்து அச்சம் இது. அவன் கப்பலேறியும் அச்சம் ஏறவில்லை.

துளையை நம்பி எழுதப்பட்ட இந்த வகைப்பாட்டை வரலாறு மதித்ததாகத் தெரியவில்லை. சாதுவான அந்தப் பாயின்ட் 32 தோட்டா, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1899இல் வடிவமைத்தது. பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை அதற்கேற்ற துப்பாக்கியைச் செய்து உலகெங்கும் கனவான்களின் பைக்குள் அனுப்பியது. கனவான்களின் பை மட்டும் கேட்டதா? 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பின்பு தன்னையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியம் பிரௌனிங்கால். 1931இல் அலகாபாத் பூங்காவில் கடைசிவரை சுட்டுக்கொண்டிருந்த சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்தது பாயின்ட் 32 கோல்ட். இப்போது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1928இல் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் துப்பாக்கியும் அதே துளைதான். சற்றே பருத்த தம்பியான பாயின்ட் 380 இன்னும் பெரிய வேலைகள் பார்த்தது. 1914இல் சரயேவோவில் ஒரு பிரௌனிங், 1948இல் டெல்லி பிர்லா மாளிகையில் ஒரு பெரெட்டா. எல்லாமே சட்டைப்பைக்கு ஏற்ற சின்ன சாமான்கள். ஆகவே துளை பார்த்துத் துப்பாக்கியின் குணம் சொல்வது, நெல்லின் நிறம் பார்த்து அதை விதைத்தவன் குணம் சொல்வது மாதிரி. அதை ஒதுக்குவோம்.

திருவாரூர் மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக்கு இந்நூல் முன்வைப்பது இருப்பிட வகைப்பாடு. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிடும். இருப்பிடங்கள் நான்கு என்பது என் கருத்து. ஐந்து என்பாரும் உளர். அவர்கள் அடகுக் கடையையும் சேர்க்கிறார்கள். லைசென்ஸ் துப்பாக்கியை அடகு பிடிக்கும் சேட்டு எவரும் இல்லாததால் அது மறுக்கப்படுகிறது.

முதலாவது பீரோத் துப்பாக்கி. இதுவே மூத்த இனம். தாத்தா காலத்து வால்தர், வெப்லி ஸ்காட், பிரௌனிங் ஆகியவை இதில் அடங்கும். 1980களின் நடுவில் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியதும் இந்த இனம் பெருகுவது நின்றது. விலை பெருகத் தொடங்கியது. உள்நாட்டில் படைக்கலத் தொழிற்சாலை செய்யும் அஷானி என்ற பாயின்ட் 32 பிஸ்டல் உண்டு. ஆனால் பீரோக்காரர்கள் அதை உறவுமுறைக்குள் சேர்ப்பதில்லை. பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவே, அந்துருண்டை வாசத்தோடு, பழைய பனியன் துணியில் சுற்றி இருப்பதே முறை. இதன் பகைவன் திருடனல்லன், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கருநீல மெருகு போட்ட எஃகின் மேல் செம்புள்ளி பூத்துவிடும். அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைப்பதே இவ்வகைத் துப்பாக்கி பெறும் ஒரே பயிற்சி.

வாரிசுரிமையில்தான் இந்த இனம் சுவையானது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமையாளர் இறந்தாலோ, 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ சட்டப்பூர்வ வாரிசின் பெயருக்கு மாற்ற மனுச் செய்யலாம். நிலத்தை வேலி, மா, குழி என்று பிரிக்கலாம். பிஸ்டலை எப்படிப் பிரிப்பது? அண்ணனுக்குத் துப்பாக்கி, தம்பிக்கு மேகசின் என்று பஞ்சாயத்தார் சொல்லக்கூடும், சட்டம் ஒப்பாது. உச்சவரம்பு விஷயத்தில் இரண்டும் ஒரே வழியில் நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்துக்கு 1961இல் 30 தர ஏக்கர் என்றார்கள், 1970இல் 15 ஆக்கினார்கள். துப்பாக்கிக்கு ஆளுக்கு 3 என்றிருந்ததை 2019 திருத்தத்தில் 2 ஆக்கினார்கள். முதல் உச்சவரம்பை டெல்டா எப்படிச் சமாளித்தது என்பது ஊரறிந்த கதை. மாட்டுக்காரன் பெயரிலும் கோயில் பெயரிலும் நிலம் இருந்தது. பிஸ்டலை மாட்டுக்காரன் பெயரில் எழுதி வைக்கும் துணிவு எந்தப் பண்ணைக்கும் வந்ததில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று பண்ணைக்குத் தெரியும், மாட்டுக்காரனுக்கும் தெரியும்.

இரண்டாவது, ஸ்டேஷன் துப்பாக்கி. தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்தபின் திரும்பப் பெற வேண்டும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வந்தால் ஐந்தாண்டு லைசென்ஸில் ஒரு நல்ல பகுதி போலீஸ் அலமாரியில் கழியும். பீரோவில் இருந்தவரை யாருக்கும் தெரியாத சாமான், மஞ்சள் பைக்குள் கடைத்தெரு வழியே போகும்போது ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சிலர் இதற்காகவே தேர்தலை விரும்புகிறார்கள் என்பது என் துணிபு. பையை மிதமாக ஆட்டிக்கொண்டு, பார்க்கிறவர் கேட்காமலே, "ஸ்டேஷன் வரைக்கும் போறேன்" என்பார்கள். கதிர் அரிவாள் சின்னம் பலமுறை வென்ற தனித் தொகுதி திருத்துறைப்பூண்டி. துப்பாக்கிகள் உள்ளே போகிற அதே வாரத்தில் அரிவாள் கதிரோடு சேர்ந்து சுவர்தோறும் ஏறிவிடும். அதற்கு ரசீது இல்லை.

மூன்றாவது இடுப்புத் துப்பாக்கி. சுமப்பதைப் பற்றிய இயல். கைத்துப்பாக்கியைச் செய்தவர்கள் கால்சட்டையை மனத்தில் வைத்துச் செய்தார்கள். வேட்டியை அவர்கள் அறியார். தோட்டா போட்டால் அரைக் கிலோவைத் தாண்டும் எஃகை நாலு முழத்தில் செருகினால் நூறடிக்கு ஒருமுறை இடுப்பைப் பிடிக்க வேண்டும். பச்சைப் பட்டை பெல்ட் ஒரு தீர்வு. ஆனால் அதன் பையில் ஏற்கெனவே பணம், பொடி மட்டை, உரக்கடைச் சீட்டு இருக்கின்றன. உறையில் போட்டு மூடித்தான் கொண்டுபோக வேண்டும், பொது இடத்தில் எடுத்து ஆட்டக் கூடாது என்கிறது விதி. மூடினால் யாரும் பார்க்க மாட்டார்கள். யாரும் பார்க்காவிட்டால் சுமப்பானேன்? இந்தச் சிக்கலை இடுப்புக்காரர்கள் வெயிலின் உதவியால் தீர்த்தார்கள். புழுக்கம் தாளாமல் சட்டையின் கீழ்நுனியை விசிறிபோல் ஆட்டிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. கல்யாணப் பந்தியில் இந்த விசிறல் கூடும், கோர்ட் வாசலில் குறையும், இன்ஸ்பெக்டர் எதிரே வந்தால் புழுக்கமே இராது. வடக்கே கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கத்துக்காக 2019 திருத்தத்தில் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ என்று வைத்தார்கள். பத்தாயிரம் வாலா கிடைக்கும் மாவட்டத்தில் அந்தப் பிரிவுக்கு வேலை இல்லை.

சுடுதல் என்ற இயலைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் யாரும் சுடுவதில்லை. ஒரு சமயத்தில் 100, ஆண்டுக்கு 200 தோட்டாக்கள்வரை வாங்கலாம். இப்பகுதியில் அந்த வரம்பை எட்டுவது இருக்கட்டும், வரம்பு இருப்பதே பலருக்குச் செய்தி. எங்கே சுடுவது? உதயமார்த்தாண்டபுரத்துப் பறவைகளை 1972ஆம் ஆண்டின் சட்டம் காக்கிறது. வயலில் சுட்டால் நடவு ஆட்கள் கரையேறிவிடுவார்கள். முறையாகச் சுட வேண்டுமென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். 2022 ஜூலையில் அங்கே மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது டெல்டாவிலிருந்தும் போனார்கள். இலக்கைப் பார்க்க அல்ல, சுட வந்த நடிகர் அஜித்தைப் பார்க்க. வட்டாரத்தில் உண்மையில் சுடப்படும் ஒரே துப்பாக்கி தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கி. ஒரு இழுப்புக்கு ஒரு வெடி. அடுத்த பொட்டைச் சுருள் தானே ஊட்டுகிறது. முதல் பத்தியில் தந்த வரையறைக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. குண்டு ஒன்றுதான் குறை. அந்தக் குறையைப் பீரோ இனத்தின் பல உறுப்பினர்களிடமும் காணலாம்.

நான்காவது பேச்சுத் துப்பாக்கி. எண்ணிக்கையில் பெரியது, தூரம் எட்டுவதும் இதுவே. இன்னார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பேச்சே இதன் உடல். துரு ஏறாது, புதுப்பிக்க வேண்டாம், மூடி எடுத்துப்போக வேண்டாம். பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழைப் பகுதியில் இது வேடிக்கையாகத் தொடங்கியதன்று. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில், பண்ணைவீட்டு மாடியில் துப்பாக்கி இருக்கிறது என்ற செய்தி சேரி வரைக்கும் போய்ச் சேர்ந்தால் போதும். மாடியிலிருந்து அது இறங்க வேண்டியதில்லை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் வந்து விவசாயிகள் சங்கம் கட்டியபோது ஆட்கள் தாண்ட வேண்டியிருந்த பயங்களில் இந்தப் பேச்சும் ஒன்றாக இருந்திருக்கும். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே இருக்கிறது. குண்டு பாய்ந்த உடல்களைத் தேடினால் அதே இயக்கத்தின் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் கிடைக்கிறார்கள். 1950இல் இருவரையும் சுட்டுக் கொன்றது போலீஸ். போலீஸ் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது எந்த இயலிலும் அடங்காமல் நிற்கிறது. அதற்கு வேறு நூல் வேண்டும். அதை இந்தத் தொனியில் எழுத முடியாது.

பேச்சு இனத்தின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று மட்டும். வட்டாரத்தில் ஒரு பண்ணைவீடு, பெயர் வேண்டாம். பெரியவர் இறந்தபின் பேரன் சென்னையிலிருந்து வந்தான். லைசென்ஸ் தனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, பிஸ்டலை ஒப்படைத்து, ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டு, அன்றிரவே பஸ் ஏறினான். வீட்டில் இப்போது இருப்பது ஒரு காவல்காரரும் அவர் மனைவியும். சென்ற அறுவடையின்போது அந்த வீட்டு எல்லையில் நெல் அறுக்கும் மிஷினை இறக்குவதில் தகராறு வந்தது. மிஷின்காரர் வெளியூர். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அவரை டீக்கடைப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய், தோளில் கைபோட்டுச் சொன்னார்: "பார்த்துப் போங்க தம்பி, அந்த வூட்ல பிஸ்டல் இருக்கு."

மிஷின் சுற்றுவழியாகப் போயிற்று.