நிற்பதற்கு எத்தனையாம் மட்டம்?

பெறுநர்: தலைவர், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நிபுணதா பியச, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 05.

ஊடாக: கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலர் ஊடாக மாவட்டச் செயலர் (எல்லா மேசையையும் தாண்டி வந்து சேருமானால்).

விடயம்: யாழ். குடாநாட்டில் ஏற்கெனவே புழக்கத்திலுள்ள சில திறமைகளுக்குத் தொழிற் தகைமை மட்டம் கோரல்.

ஐயா / அம்மணி,

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்த்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தாங்கள், பின்னர் தேசிய தொழிற் தகைமை என்று ஏழு படி வைத்த ஏணி ஒன்றையும் நட்டீர்கள். ஏழாம் படி பட்டத்துக்குச் சமம் என்கிறீர்கள். 2017இல் எங்கள் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரிக்கு முன்னால் மாதக்கணக்கில் குந்தியிருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஏழாம் படியில் ஏறினால் கச்சேரி மதில் தெளிவாகத் தெரியும் என்பது அன்றே விளங்கிவிட்டது. ஆகவே மூன்றாம், நான்காம் படிகளைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். அழகுக்கலை, உடுப்பு வியாபாரம், கடை விற்பனை: டொக்டரும் எஞ்சினியரும் ஆகாத பிள்ளைக்கு யாழ்ப்பாணம் ஒதுக்கி வைத்திருக்கிற மூலைகள் இவை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா பொம்பிளை வெளிக்கிடுத்துவா. விடியப்புற முகூர்த்தமென்றால் நடுச்சாமத்திலேயே ஸ்கூட்டியில் இரண்டு பையோடு போய் இறங்கிவிடுவா. வாயில் நாலு ஊசி, கையில் கொசுவம், பக்கத்தில் பொம்பிளையின் தாய், கனடாவிலிருந்து வந்த பெரியம்மா, வீடியோக்காரன் என்று மூன்று முதலாளிகள். ஊசி ஒன்றும் வெளியே தெரியாமல் மடிப்பை உள்ளால் குத்துவா. மண்டபத்துக் காத்தாடி நின்றுபோனாலும் மாலை மாற்றும்வரை முகப்பூச்சு வழியாமல் நிற்கப் பண்ணுவா. சான்றிதழ் இல்லை. அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் தரும் வழி தங்களிடம் உண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். “எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னட்டப் பேப்பர் கேட்டவை?” என்று கேட்டுவிட்டுக் கொண்டைக்கு வலை போடப் போய்விட்டா.

அவவின் ஆல்பத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும். அத்தனை பொம்பிளைகளும் ஒரே நிறம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று ஐமிச்சம் வரும். தோலின் நிறத்துக்கு ஏற்ற பூச்சு எதுவென்று அக்காவுக்குத் தெரியாமலில்லை. “இன்னும் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கோ தங்கச்சி” என்று பின்னால் நிற்கிற பெரியம்மாவுக்குத்தான் தெரியாது. சாமத்தியவீட்டுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதே கட்டளை. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே பெயர், முகவரி இல்லாத டப்பாவில் வெள்ளையாக்கும் கிறீம் வீட்டுக்குள் வந்துவிடும். முகப்பூச்சில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தால் 2020ஓடு நிறுத்துங்கள் என்றது மினமாட்டா உடன்படிக்கை. இலங்கையும் அதில் சேர்ந்த நாடுதான். பாதரசம் சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஆனால் சிறுநீரகம் கலியாண வீடியோவில் தெரியாது. ஆகவே, பிள்ளையின் நிறத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுவது எப்படி என்று தங்கள் பாடநெறியில் ஓர் அலகு சேர்க்க வேண்டும். மாணவிகளுக்கல்ல, பெரியம்மாமாருக்கு. நான்காம் மட்டம் போதும்.

முடி வெட்டும் தொழிலைச் சாதியின் கணக்கில் எழுதி வைத்து, வெட்டியவரை வாசலோடு நிற்பாட்டிய ஊர் இது. அதே கத்தரிக்கோல் குளிரூட்டிய அறைக்குள் போய், ‘ஹெயார் ஸ்டைலிஸ்ட்’ என்று சுவரில் சட்டம் போட்ட சான்றிதழுக்குக் கீழே நின்றால், இப்போது பெரிய இடத்துப் பிள்ளைகளும் படிக்க வருகிறார்கள். இதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பரம்பரையாகச் சலூன் நடத்தியவரின் வீட்டில் சம்பந்தம் கேட்கப் போவதற்கு எத்தனையாம் மட்டம் வேண்டும் என்பதையும் அறிவித்தால் நன்று.

மேர்ச்சண்டைசிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியை, எந்த விலைக்கு, எந்தத் திகதிக்கு, யாருக்கு என்று கணக்குப் பார்க்கிற வேலை என்று விளக்கினார்கள். வன்னியில் உடுப்புத் தொழிற்சாலைகள் வந்தன, எங்கள் பிள்ளைகள் தையல் மெசினில் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிற மேசையோ கொழும்புப் பக்கமாகவே இருந்துவிட்டது. இங்கே அந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர் இந்தியாவிலிருந்து வருகிற பொட்டணி வியாபாரிதான். எந்த வீட்டில் பிள்ளை பெரியபிள்ளையாகியிருக்கிறாள், எந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வந்திருக்கிறது, யாருக்குத் தவணைக்குக் கொடுக்கலாம் என்று சைக்கிளில் போகிற போக்கிலேயே கணக்கு முடிந்துவிடும். சுற்றுலா விசாவில் வந்து சீலை விற்கிறார்கள் என்று எங்கள் வணிகர்கள் முறையிட்டதும் அந்த இந்திய வியாபாரிகளைப் பற்றித்தான். 2022 டிசெம்பரில் பலாலி–சென்னை விமானம் திரும்ப ஓடத் தொடங்கியபின், எங்கள் வணிகர்களும் அதே விசாவில் தியாகராய நகர் போய்ச் சீலை வாங்கி வருகிறார்கள். இதைப் பாடநெறியில் எந்த அலகில் சேர்ப்பது என்று தாங்களே தீர்மானியுங்கள்.

கடை விற்பனைக்கு வருகிறேன். இதற்குத்தான் இந்தக் கடிதமே.

புடவைக்கடையில் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். ஒரு கையால் சீலையின் ஓரத்தைப் பிடித்து மறு கையால் வீசினால், மேசை நீளத்துக்கு விரிந்து முந்தானை சரியாக எங்கள் முன்னால் வந்து விழும். நாற்பது சீலை விரிப்பா. “இதில வேற கலர் இல்லையா?” என்று கேட்போம். ஏணியில் ஏறி எடுப்பா. முதல் விரித்ததையே வாங்குவோம், அல்லது ‘பிறகு வாறம்’ என்று போவோம். நாற்பதையும் அவ திரும்ப மடிப்பா, பழைய மடிப்பு பிசகாமல். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை நின்றபடி. நல்லூர்த் திருவிழாக் காலமோ தீபாவளியோ என்றால் பூட்டும் நேரம் கடவுளுக்கே வெளிச்சம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சட்டம் தன் பாட்டுக்கு இருக்கிறது, பிள்ளை தன் பாட்டுக்கு நிற்கிறா.

2010இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது இங்கேயும் பார்த்து, சென்னை ரங்கநாதன் தெருக் கடைப்பிள்ளைகளுக்கு நடந்த அநியாயத்துக்காகக் கண் கலங்கினோம். கடைப்பிள்ளைகள் இருப்பதற்கு இருக்கை வேண்டுமென்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தில் எழுதின. எங்கள் பயிற்சியில் புன்னகைக்கக் கற்றுத் தருகிறார்கள், ‘வாடிக்கையாளரே மன்னர்’ என்கிறார்கள். மன்னர் கதிரையில் இருந்து குளிர்பானம் குடிக்கிறார். கால் நரம்பு புடைக்கப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறது தகைமையா, தண்டனையா? தகைமைதான் என்றால் ஐந்தாம் மட்டமாவது தாருங்கள், டிப்ளோமா ஆகிவிடும்.

தங்கள் சான்றிதழை நான் குறைத்துப் பேசவில்லை. உள்ளூரில் வேலை கேட்டுப் போனால் “வேலை தெரியுமோ?” என்று மட்டும் கேட்பார்கள், காகிதத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். வெளிநாடு போகக் கோப்புக் கட்டும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. பொம்பிளையை விட்டுவிட்டுப் பேப்பரைக் கட்டிக்கொண்டு போகிற ஊராகிவிட்டோம். இப்படியே போனால் வெளிக்கிடுத்துகிறவ ஒருத்தியும் மிஞ்சாமல், கனடாவிலிருந்து ஒருவரை இறக்கித்தான் இங்கே கலியாணம் செய்ய வேண்டி வரும். அவவுக்குப் பெரியம்மா மறுபேச்சுப் பேச மாட்டா.

இறுதியாக ஒரு கோரிக்கை. மேற்படி திறமைகளை நேரில் மதிப்பிடத் தங்கள் உத்தியோகத்தர் ஒருவரை எங்கள் புடவைக்கடைகளுக்கு அனுப்பி வையுங்கள். கொழும்பிலிருந்து கோறணமேந்து ஆள் வந்திருக்கிறார் என்றதும் முதலாளி உள்ளுக்கு ஓடிப்போய் ஒரு கதிரை எடுத்து வருவார். அன்னார் வேலை முடிந்து எழும்பிப் போகும்போது, அந்தக் கதிரையை மதிப்பீட்டுக்கான பொருளென்று முத்திரை குத்தி, யாரும் உள்ளே எடுத்து வைக்கக்கூடாது என்று ஒரு துண்டு எழுதி ஒட்டிவிட்டுப் போகும்படி பணிப்பீர்களாக.

இங்ஙனம்,
தகைமை மட்டம் இன்னும் தீர்மானிக்கப்படாத ஒரு வாடிக்கையாளர்,
யாழ்ப்பாணம்.